தார் பூசின காயம்

கிட்டே வாருங்கள். இன்னும் கொஞ்சம். இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை. எட்ட உட்கார்ந்தால் பாதிதான் காதில் விழும், மீதியை நீங்களே இட்டுக்கட்டிக்கொண்டு போய் ஊரெல்லாம் சொல்வீர்கள்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை போகிற வழியில் ஒரு பழைய தோப்பு. அதில் மரம் பார்க்கிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. மரம் பார்ப்பது என்றால், பெண் பார்க்கப் போனவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டு எழுந்து வருகிற மாதிரி இல்லை. எந்தக் கிளையை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது, கயிறு கட்டி எப்படி ஏறுவது, ஏறினவன் முழு ஆளாக எப்படி இறங்குவது, எல்லாம் உண்டு. கரண்டுக் கம்பிக்குக் கீழே கிளை கழிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். தென்னை ஏறுகிறவர்கள் வந்திருந்தார்கள்.

வந்தவர்களில் மூத்தவர் வெள்ளிங்கிரி. தலை முக்கால்வாசி வெளுத்துவிட்டது. மீசை அரும்பின காலத்திலிருந்து மரம் வெட்டினவர். அவர் அறுத்துச் சாய்த்ததையெல்லாம் திரும்ப நட்டு வைத்தால் இன்னொரு ஆனைமலை ஆகும் என்று சென்னியப்பன் கேலி செய்வான். சென்னியப்பன் தென்னை ஏறுகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

சொல்லிக் கொடுத்தது சுகந்தி டீச்சர். வெள்ளிங்கிரிக்குக் கடைசித் தங்கையாகப் பிறந்திருக்கலாம், அந்த வயசுதான். ஒல்லியான ஆள். பேச்சும் ஒல்லி. ஏதாவது கேட்டால் டீச்சரின் வாய் சும்மா இருக்கும், கை எதையாவது செய்து காட்டும். அதைப் பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வகுப்பு தொடங்கின அன்றைக்கே வெள்ளிங்கிரி எழுந்து கேட்டார்.

"டீச்சர், கிளை வெட்டின காயத்துக்கு என்ன மருந்துங்க பூசறது?"

"எந்த மரங்கண்ணா?"

"பொதுவாத்தான் கேக்கறனுங்க."

"பொதுவா எந்த மரத்துக்கும் காயம் படாதுங்கண்ணா. ஏதோ ஒரு மரத்துக்குத்தான் படும்."

வெள்ளிங்கிரி உட்கார்ந்துவிட்டார்.

"நம்மளுக்கு இந்தக் கவலையே இல்லைங்க டீச்சர்," என்றான் சென்னியப்பன். "தென்னைக்குத்தான் கிளையே இல்லியே."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிங்கிரி சிரிக்கவில்லை. மடியில் இருந்த சும்மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கட்டை சுமக்கிறவர்கள் தலையில் வைப்பார்களே, அந்தத் துணிச்சுருள்தான். அவர் எங்கே போனாலும் அது கூடவே போகும். உட்கார்ந்தால் மடியில், நடந்தால் தோளில்.

அவர் கேட்டது பொதுக் கேள்வி இல்லை. அவர் வீட்டு வாசலில் நிற்கிற ஒரு புங்கமரத்தைப் பற்றித்தான் கேட்டார். அது டீச்சருக்கும் அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மறுநாள் டீச்சர் எல்லோரையும் கிணற்றோரம் கூட்டிப் போனார். கிணற்றுச் சுவரை வேர் தள்ளுகிறது என்று எடுத்துவிடத் தீர்மானித்த வேம்பு ஒன்று அங்கே நின்றது. பழகுவதற்கென்று விட்டு வைத்திருந்தார்கள்.

"வெள்ளிங்கிரியண்ணா, அந்தக் கிளையை எடுங்க, பாக்கலாம்."

கைரம்பத்தை எடுத்தார். அவர் அறுக்கிறதைப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருக்கும். அடியில் ஒரு கீறல், மேலே ஒரு இழுப்பு, கிளை சத்தமில்லாமல் கழன்று வந்தது. மீந்து துருத்தின அடிக்கட்டையையும் மரத்து உடம்போடு ஒட்ட அறுத்து, உள்ளங்கையால் துடைத்துவிட்டார். கிளை இருந்த இடம் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"இதுமேல சப்பாத்தி தேய்க்கலாம்ணா," என்றான் சென்னியப்பன்.

வெள்ளிங்கிரிக்கு உள்ளூரப் பெருமைதான். டீச்சர் முகத்தைப் பார்த்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்த இன்னொரு கிளையின் அடியில் வைத்தார். கிளை மரத்திலிருந்து புறப்படுகிற இடம்.

"இது என்னங்கண்ணா?"

"ஏதோ மடிப்பாட்ட இருக்குதுங்க. கழுத்துச் சதையாட்ட."

"கிளையோடதா, மரத்தோடதா?"

வெள்ளிங்கிரி கண்ணை மூடிக்கொண்டு தடவினார். இத்தனை வருஷத்தில் அவர் மரத்தைத் தொட்டதெல்லாம் எங்கே ரம்பம் வைக்கலாம் என்று பார்க்கத்தான். இப்படித் தடவிப் பார்த்தது கிடையாது.

"மரத்தோடதுதானுங்க."

"அப்ப நீங்க எதை எடுத்தீங்க?"

அவர் வழவழவென்று அறுத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டையுங்க."

"கிளை போனப்பறம் அந்த வாயை மூட வேண்டியது இந்த மடிப்புதான். இதையும் சேத்தி எடுத்துட்டா, மூடறதுக்கு ஆளில்லை."

"கொஞ்சம் துருத்திக்கிட்டு நின்னா பாக்க நல்லா இருக்காதுங்களே."

"யாருக்கு?"

வெள்ளிங்கிரி ரம்பத்தின் பல்லில் ஒட்டின தூளை ஊதினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"ஒட்ட வெட்டிட்டு, தார் பூசிட்டா?"

"தார் பூசினா நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்கண்ணா," என்றார் டீச்சர். "அவ்வளவுதான்."

அந்தத் தோப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கிளையில் ரம்பம் படக்கூடாதோ, எந்தத் துளிரைக் கிள்ளக்கூடாதோ, அதில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிடுவார்கள். துணி கட்டினதில் கை வைத்தால் அன்றைக்கு அந்த ஆள் மரம் ஏற முடியாது. தரையில் உட்கார்ந்து கயிறு சுருட்ட வேண்டியதுதான். டீச்சரின் பையில் எப்போதும் வெள்ளைத் துணிக் கிழிசல்கள் பொதியாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் சென்னியப்பன் மெஷின் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய் வழிந்தது. துடைக்கத் துணி தேடினவன் கைக்கு வெள்ளிங்கிரியின் சும்மாடு அகப்பட்டது.

"வெய்யிடா அதை!"

தோப்பே திரும்பிப் பார்த்தது. அந்தக் குரலை அவரிடமிருந்து யாரும் கேட்டதில்லை. சென்னியப்பன் நெருப்பைத் தொட்டவன் போல அதைக் கீழே வைத்தான்.

"ஏனுங்கண்ணா, தலைக்கு வெக்கற துணிதான? என்னமோ சம்பந்தி வீட்டுச் சீராட்ட..."

"சென்னியப்பா," என்றார் டீச்சர். பையிலிருந்து ஒரு கிழிசலை எடுத்து அவன் கையில் வைத்தார். "எண்ணெய்க்கு இது."

வெள்ளிங்கிரி சும்மாட்டில் ஒட்டின மண்ணைத் தட்டினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பித் தட்டினார். டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க வீட்டம்மா பேரு என்னங்கண்ணா?"

"அவ போயிட்டாளுங்க. ரெண்டு வருசம் ஆகுது."

"பேரைக் கேட்டேன்."

வெள்ளிங்கிரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பானைக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். ஒரு சொம்புத் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிக்க முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் அவரே வந்தார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"டீச்சர், அந்த மருந்து..."

டீச்சர் ஒரு கட்டையைக் காலால் உருட்டிவிட்டார். வாகைக் கட்டை. வெளியே தோலெல்லாம் சீராக இருந்தது. ஒரு வடுக்கூட இல்லை.

"இதை நெடுக்கப் பொளங்கண்ணா."

கோடாலியை ஓங்கி ஒரு போடு. கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே, நட்ட நடுவிலிருந்து பக்கவாட்டில் விரல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கன்னங்கரேலென்று காய்ந்துபோன பழைய கிளை முட்டு. அதைச் சுற்றி நல்ல மரம், வரிவரியாக, குழந்தையைச் சுற்றித் துணி சுற்றின மாதிரி வளர்ந்து மூடியிருந்தது.

"இது எப்பவோ முறிஞ்ச கிளை," என்றார் டீச்சர். "மேல பாத்தா ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்லீங்க."

"காயம் ஆறிருச்சா?"

வெள்ளிங்கிரி அந்தக் கறுப்பைத் தொட்டுப் பார்த்தார். அது அப்படியேதான் இருந்தது. கறுப்பாக, காய்ந்து, உளுத்து.

"ஆறலீங்க. உள்ளயேதான் கெடக்குது."

"மரம் செத்துப் போச்சா?"

"இல்லீங்களே. சுத்தி வளந்திருக்குதுங்களே."

டீச்சர் பிளந்த கட்டைகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். மற்றதை அவர் பக்கம் தள்ளினார். வெள்ளிங்கிரியும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

வாசல் புங்கமரத்தின் ஒரு கிளை வீட்டுப் பக்கம் தாழ்ந்து வந்திருந்தது. அதன் நிழலில்தான் அவர் மனைவி உட்காருவாள். புளி கொட்டுவது, முருங்கைக்கீரை உருவுவது, தலை ஆற்றுவது எல்லாம் அங்கேதான். ஒரே மகள் கோகிலாவுக்குத் தூளி கட்டினதும் அந்தக் கிளையில்தான். மனைவி போன பிறகு, காலையில் அந்த நிழல் வாசலில் விழும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. பார்க்க முடியவில்லை.

"அவ சாமானை எல்லாம் எடுத்துக் குடுத்துட்டனுங்க. சேலை, சீப்பு, டப்பா, சொம்பு, ஒண்ணு விடாம. பங்காளிக கொண்டுட்டுப் போனாங்க. அப்பறம் அந்தக் கிளையையும் எடுத்துட்டேன். ஒட்ட வெட்டி, தாரு பூசிட்டேன். கண்ணுல படலீன்னா வலிக்காதுன்னு நெனச்சேன்."

"வலிக்கலியா?"

"புள்ள கருமாதிக்கு வந்துது. வீட்டுக்குள்ள போய் சுத்தி முத்தியும் பாத்துது. அம்மா சீப்பு ஒண்ணாச்சும் வெச்சிருக்கக் கூடாதாப்பான்னு கேட்டுது. வெளிய வந்து மரத்தைப் பாத்துது. அன்னிக்குப் போனதுதான்."

"பேசறதில்லையா?"

"பண்டிகை நோம்பிக்கு போன் பண்ணும். சாப்பிட்டீங்களான்னு கேக்கும், மரம் இருக்குதான்னு கேக்கும். வெச்சிரும். நானும் அவங்கம்மா பேச்சை எடுக்கறதில்ல."

அவர் சும்மாட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இப்ப மாசமா இருக்குதுங்க. தலைப்பிரசவம். அப்பன் வீட்டுக்கு வரோணுமில்லீங்களா? வரமாட்டேன்னுது. அந்த வீட்ல யாருகிட்ட வந்து இருக்கட்டும்ங்குது. இங்க மரமும் வெட்டின எடத்துல பொந்து விழுந்து உளுத்துப் போகுது. கூரை மேல சாயும், எடுத்துருங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. மரமும் போச்சுன்னா அவ போன்ல கேக்கறதுக்கும் ஒண்ணுமில்லீங்க."

டீச்சர் கீழே கிடந்த கோடாலியை எடுத்துக் கட்டை மேல் சாய்த்து வைத்தார்.

"அதுக்குத்தான் மருந்து கேட்டனுங்க."

"வகுப்பு முடியறப்ப ஆளுக்கொரு மரத்தைக் காட்டி, என்ன வைத்தியம்னு பாக்கணும்ல. நீங்க அந்தப் புங்கனைக் காட்டுங்க," என்றார் டீச்சர். "என்னிக்குன்னு உங்க பொண்ணுக்கும் சொல்லிருங்க."

"என்னன்னு சொல்றது?"

"மரம் நிக்குமா நிக்காதான்னு அன்னிக்குத் தெரியும்னு சொல்லுங்க. அது நெசம்தான?"

சொன்ன நாளில் டீச்சர் வெள்ளிங்கிரி வீட்டு வாசலுக்கு வந்தபோது, கோகிலாவும் வந்தாள். ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. வயிறு தெரிந்தது. வீட்டுக்குள் போகவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் கிடந்த ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளிங்கிரி ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டார். அதில் பையை வைத்தாள்.

டீச்சர் ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுபோய் அவள் தலையில் வைத்து வாரை மாட்டிவிட்டார்.

"எனக்கு எதுக்குங்க?"

"மரத்தடி வேலை. யாரா இருந்தாலும் போடணும். உங்களுக்கும் வயித்துல இருக்கற ஆளுக்கும் ஒண்ணுதான் இருக்குது, அனுசரிச்சுக்கங்க."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா பார்க்கிறார் என்று தெரிந்ததும் அடக்கிக்கொண்டாள்.

டீச்சர் கொட்டாப்புளியால், அந்த மரச்சுத்தியலால், மரத்தைச் சுற்றித் தட்டினார். தட்டும்போதெல்லாம் காதை மரத்தின் மேல் வைத்துக் கேட்டார். டொக், டொக் என்று கேட்டது. காயத்துக்குக் கீழே வந்தபோது சத்தம் மாறியது. டொம். வெள்ளிங்கிரிக்கு அது தன் நெஞ்சில் தட்டின மாதிரி இருந்தது.

"உள்ள இருக்கிற உளுப்பையெல்லாம் சுரண்டிட்டு சிமெண்டு வெச்சு அடைச்சிரட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணா. அழுகல் பரவாம இருக்க மரம் உள்ளாற ஒரு செவுரு கட்டியிருக்கும். நாம சுரண்டினா அது இடிஞ்சு போகும்."

"அப்ப பொந்து அப்படியே இருக்குமுங்களா?"

"இருக்கும்."

டீச்சர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக் கயிற்றைப் போட்டு ஏறினார். கீழே கயிற்றைப் பிடித்தது வெள்ளிங்கிரி. மேலே போய், காயத்துக்கு எதிர்ப்பக்கம் பாரமாகத் தொங்கின கிளையின் நுனிகளை மட்டும் கழித்துப் போட்டார். ஒவ்வொன்றையும் மடிப்பை விட்டு அறுத்தார். அடி மரத்தின் பாரம் குறைந்தது. இறங்கி வந்து, காயத்தின் உதட்டருகே குனிந்து பார்த்தார்.

அங்கே கீழ்வரிசையில் சின்னச் சின்ன மொட்டை முளைகள். பல் முளைக்கிற மாதிரி. எல்லாம் கிள்ளப்பட்டிருந்தன. இரண்டு மட்டும் புதிதாகத் துளிர்த்திருந்தன, எண்ணெய் பூசின மாதிரி மினுமினுப்பாக.

"இதை யாரு கிள்ளினது?"

"நான்தானுங்க. வெட்டின எடத்துல குச்சி குச்சியா முளைச்சா அசிங்கமா இருக்குதில்லீங்களா? வரவரக் கிள்ளிருவேன்."

"கிள்ளினா நின்னுருதா?"

"எங்கீங்க? சலிக்காம வருது."

டீச்சர் தலையைத் திருப்பி, எதிரே ஆட்டுக்கல்லில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவளை ஒரு பார்வை பார்த்தார்.

"காயத்தோட உதட்டுக்குச் சோறு இதுகதான் கொண்டாந்து தரும்," என்றார். "வரவரக் கிள்ளிட்டா அது எதைத் தின்னு வளரும்?"

வெள்ளிங்கிரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

கோகிலா எழுந்து தெருவைக் கடந்து வந்தாள்.

"மரம் நிக்குமாங்க?"

"பழையபடி நிக்காது," என்றார் டீச்சர். "ஆனா நிக்கும். வருசத்துக்கு ஒருக்கா தட்டிப் பாக்கணும்."

கோகிலா மரத்தில் கை வைத்தாள். தூளிக் கிளை இருந்த இடத்தில், தாரின் மேல். தார் வெடித்துப் பொருக்குப் பொருக்காக இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்லதுங்க. பாத்துட்டேன். அப்ப நான் கெளம்பறேன்ப்பா."

"உள்ள வா கண்ணு. ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போ."

"உள்ள என்னப்பா இருக்குது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வாசல் கதவு திறந்திருந்தது. வெளியிலிருந்தே தெரிந்தது, துடைத்து வைத்த மாதிரி ஒரு வீடு. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அவள் பையை எடுக்கப் போனாள்.

"வெள்ளிங்கிரியண்ணா," என்றார் டீச்சர். "இந்த ரெண்டு துளிருக்கும் அடையாளம் கட்டணும். ஒரு துணி குடுங்க."

"புதுத் துண்டு இருக்குதுங்க. எடுத்தாறேன்."

"புதுசு வேண்டாம். அந்தச் சும்மாட்டைக் குடுங்க."

அவர் கை தானாகத் தோளுக்குப் போனது.

"அது அழுக்குங்க."

"பரவால்லீங்க."

"பிசினெல்லாம் ஒட்டியிருக்குதுங்க."

டீச்சர் நீட்டின கையை மடக்கவில்லை. வெள்ளிங்கிரி மகளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு சும்மாட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். வைத்தும் ஒரு கணம் விடவில்லை. அப்புறம் விட்டார்.

டீச்சர் அதன் முடிச்சை அவிழ்த்தார். சுற்றைப் பிரித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. துணி வந்துகொண்டே இருந்தது. வெளிப்பக்கம்தான் பிசினும் அழுக்கும். உள்ளே போகப் போகப் பச்சை தெரிந்தது. வெந்தயக் கலர் கரை. பச்சை உடம்பில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. நைந்து, நூல் தெரிகிற ஒரு பழைய சுங்கடிச் சேலை.

நாற்காலிக்கிட்டே போன கோகிலா திரும்பினாள். வந்தாள். முந்தானையின் ஓரத்தைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இது..."

"யாருதுங்கண்ணா இது?" என்றார் டீச்சர்.

"ருக்மணியோடது."

ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி அந்தப் பேர் கிறீச்சிட்டு வெளியே வந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார்.

"ருக்மணியோடதுங்க. எல்லாம் குடுத்த அன்னிக்கு இது எப்படியோ ரம்ப மூட்டைக்குள்ள கெடந்திருக்குது. பொறவுதான் கண்ணுல பட்டுது. குடுக்கறதுக்குக் கை வரலீங்க. வீட்ல வெக்கறதுக்கும் எடம் தெரியல. தலையில வெச்சுக்கிட்டேன்."

கோகிலா அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஹெல்மெட் இடித்தது. வாரைக் கழற்றத் தெரியாமல் அப்படியே சாய்த்துவிட்டுக்கொண்டு முகர்ந்தாள்.

"மர வாசந்தாம்ப்பா அடிக்குது."

"அவ வாசம் போயிருச்சு கண்ணு. நான் ஒருக்காக்கூடத் துவைக்கல. அப்படியும் போயிருச்சு."

சேலையின் நடுப்பகுதி மண்ணில் சரிந்தது. டீச்சர் சட்டென்று அள்ளி எடுத்தார்.

"ஐயையோ, இது கட்டற துணி இல்லீங்க. மடிச்சு வெக்கற துணி." ஒரு தலைப்பைக் கோகிலாவின் இரண்டு கையிலும் கொடுத்தார். இன்னொரு தலைப்பைப் பெரியவர் கையில் கொடுத்தார். "ஒரு ஆளா மடிச்சா மண்ணுல படும். தள்ளிப் போய் நில்லுங்கண்ணா. இன்னும் தள்ளி. ம்."

சேலையின் நீளத்துக்கு அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். இவர் இந்தக் கோடி, அவள் அந்தக் கோடி. நடுவில் பச்சைச் சேலை காற்றில் ஒருதரம் வயிறு போல உப்பி அடங்கியது. அகலத்தை இரண்டாக மடித்தார்கள். பிறகு நான்காக. அவர் நாலு எட்டு வைத்து மகளிடம் வந்து தன் தலைப்பை அவள் விரலில் சேர்த்தார். குனிந்து, தொங்கின மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மறுபடி வந்தார். முன்பு நடந்ததில் பாதிதான் இப்போது.

"தூளிக்கு நல்லா இருக்கும்," என்றாள் கோகிலா. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. துணியைப் பார்த்துச் சொன்னாள். "நைஞ்ச துணி. புள்ளைக்கு உறுத்தாது."

வெள்ளிங்கிரி மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உத்தரத்துல கொக்கி இருந்துச்சே, இருக்குதா? இல்ல அதையும் புடுங்கிட்டீங்களா?"

"இருக்குது கண்ணு."

"அதை மட்டும் எப்படி விட்டீங்க?"

"எனக்கு எட்டலை."

வானத்தைத் தொடுகிற மரமெல்லாம் ஏறி இறங்கின மனுஷன் சொன்னார் இதை. கோகிலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை வந்த சிரிப்பை அவள் அடக்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். ஹெல்மெட் ஒரு பக்கமாக ஆடியது.

அவர் கையில் மடிப்போடு நடுவழியில் நின்றுவிட்டார். திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அந்த இரண்டு துளிரிலும் வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டி முடித்திருந்தார். தோளில் தொங்கின பையின் வாயில் இன்னும் ஒரு கை நிறையக் கிழிசல்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெள்ளிங்கிரி அந்தப் பையைப் பார்த்தார். அதில் துணிக்குக் குறைவே இல்லை.

"டீச்சர்," என்றார். "அந்த மருந்து என்னன்னு நீங்க சொல்லவேயில்லீங்களே."

"கீழ படுது பாருங்க," என்றார் டீச்சர். "மொதல்ல மடிங்கண்ணா."

சொல்லிவிட்டு, அவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏறின கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். கடைசிச் சுற்றுவரை சுருட்டினார். பின்னால் இன்னும் மடிப்பு முடியவில்லை, பேச்சுச் சத்தம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சுருட்டின கயிற்றை ஒரு உதறு உதறி மொத்தமாக அவிழ்த்துவிட்டு, டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து சுருட்டினார்.